ஊர்க் காடு ஊரிடமே இருக்கட்டும்: சமுதாயக் காப்பகம் என்றால் என்ன?

கடலூர் மாவட்டத்துச் செம்மண் மேட்டில், முந்திரிக்கும் சவுக்குக்கும் நடுவே அடர்ந்த பச்சைத் திட்டு ஒன்று தெரிந்தால், உள்ளே பெரும்பாலும் ஐயனாரோ அம்மனோ இருப்பார்கள். திருமாணிக்குழி, குழந்தைகுப்பம் பகுதிக் கோயில் காடுகள் அப்படிப்பட்டவை. புதுச்சேரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார்கள். காயா, வீரை, பாலை, நாவல் போன்ற மரங்கள் கோடையிலும் பச்சையாக நிற்கும் உலர் பசுமைமாறாக் காடு இது. சோழமண்டலக் கடற்கரையில் இந்த வகைக் காடு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் இப்படித் துண்டு துண்டாகத்தான்.

இத்தனை காலம் இவற்றைக் காத்தது ‘சாமி காட்டில் கை வைக்கக் கூடாது’ என்ற ஊர்க் கட்டுப்பாடு. அது இப்போது தளர்ந்து வருகிறது. கோயிலைப் பெரிதாகக் கட்டவும் வண்டி நிறுத்தவும் சாலை போடவும் ஓரத்தில் கொஞ்சம், அப்புறம் இன்னும் கொஞ்சம் என்று காட்டை வெட்டுகிறோம். கட்டுப்பாட்டோடு சட்டத்தின் துணையும் வேண்டும். ‘வனத்துறையிடம் போனால் காட்டையே எடுத்துக்கொள்வார்கள்’ என்று பல ஊர்களில் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்துக்குப் பதில் சட்டத்திலேயே இருக்கிறது.

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002 திருத்தம் சேர்த்த 36சி பிரிவுதான் அது. ஓர் ஊரோ தனி நபரோ தாமாக முன்வந்தால், அவர்களுடைய சமுதாய நிலத்தையோ பட்டா நிலத்தையோ மாநில அரசு ‘சமுதாயக் காப்பகம்’ என்று அறிவிக்கலாம். விலங்கு, செடிகொடிகளைக் காப்பதோடு மரபு, பண்பாட்டு வழக்கங்களைக் காப்பதும் இதன் நோக்கம் என்று சட்டமே சொல்கிறது. நிலத்தின் உரிமை மாறாது. கேரளத்தில் கடலுண்டி–வள்ளிக்குன்று பகுதி 2007இல் இப்படி அறிவிக்கப்பட்டது. மேகாலயாவில் பல கிராமங்கள் தங்கள் காடுகளை இந்த வழியில் பதிவு செய்திருக்கின்றன.

நிர்வாகம் ஒரு குழுவிடம் இருக்கும். ஊராட்சி நியமிக்கும் குறைந்தது ஐந்து பிரதிநிதிகள் அதில் இருப்பார்கள். பட்டா நிலமாக இருந்தால் நில உரிமையாளர், வனத்துறைப் பிரதிநிதி, ஊராட்சிப் பிரதிநிதி ஆகியோர் கொண்ட குழு. மேலாண்மைத் திட்டத்தை எழுதுவதும் நடத்துவதும் குழுவின் வேலை. குழு தேர்ந்தெடுக்கும் தலைவர் அந்தக் காட்டுக்குக் கௌரவ வன உயிரினக் காப்பாளரும் ஆவார். ஊர்க்காரர் ஒருவருக்குச் சட்டப்படியான அந்தப் பொறுப்பு கிடைப்பதை நான் மிகப் பெரிதாக நினைக்கிறேன்.

சரி, கட்டுப்பாடுகள்? முக்கியமானது நிலப் பயன்பாடு. அறிவிப்பு வந்தபின் குழு தீர்மானம் போட்டு, மாநில அரசும் ஒப்புக்கொண்டால்தான் அதை மாற்ற முடியும். காட்டுக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டக் கூடாது. வன உயிர்களுக்குக் கேடான ரசாயனம், வெடிபொருள் பயன்படுத்தக் கூடாது. ஆடியில் பொங்கல் வைக்கலாமா என்றுதான் முதலில் கேட்பார்கள். காட்டுக்கு ஆபத்தான நெருப்பைத்தான் சட்டம் தடுக்கிறது. சருகு இல்லாத வெளியிடத்தில் பாதுகாப்பாக அடுப்பு மூட்டுவதை அல்ல. மாடு மேய்ப்பு, சுள்ளி பொறுக்குவது போன்றவற்றைக் குழு தன் திட்டத்தில் வரையறுத்துக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் முன்பு, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் கேளுங்கள். ஊர் தலைமுறை தலைமுறையாக ஆண்டு வரும் காடு பதிவேட்டில் அரசுப் புறம்போக்காக இருக்கக்கூடும். அப்படியானால் பொருந்துவது 36ஏ பிரிவின்படியான ‘பாதுகாப்புக் காப்பகம்’. அரசு நிலத்துக்கான அந்த ஏற்பாட்டிலும் உள்ளூர் மக்களைக் கலந்தாக வேண்டும். கோயில் பெயரில் இருந்தால் இந்து சமய அறநிலையத் துறையையும் கேட்க வேண்டும். இதைப் பார்க்காமல் மனு எழுதினால் அலைச்சல்தான் மிஞ்சும்.

இன்னொரு வழி, 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின் 37ஆம் பிரிவு. மாநில அரசு உள்ளாட்சியைக் கலந்து ஓர் இடத்தைப் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கலாம். மதுரை அரிட்டாபட்டி 2022இலும், திண்டுக்கல் காசம்பட்டி கோயில் காடு 2025இலும் இந்தத் தகுதி பெற்றன. காசம்பட்டிக் காட்டின் பரப்பு 5 ஹெக்டேருக்கும் குறைவு. ஆகவே ‘எங்கள் காடு சின்னது’ என்று தயங்க வேண்டாம்.

முந்திரி, சவுக்கு போட்டு வெட்டி விற்பவர்களுக்குச் சமுதாயக் காப்பகத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். பயிரை மாற்றும் சுதந்திரம் அவர்களுக்குத் தேவை. வேளாண் துறையின் ‘நீடித்த பசுமைப் போர்வை இயக்கம்’ அவர்களுக்குப் பொருந்தும். 2021-22இல் தொடங்கியபோது அறிவித்தபடி மரக்கன்றுகள் இலவசம்: வரப்பில் நட ஏக்கருக்கு 50, வயலில் நட 160. இரண்டாம் ஆண்டிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு, உயிரோடு நிற்கும் ஒவ்வொரு கன்றுக்கும் ஆண்டுக்கு ₹7 ஊக்கத்தொகை. உழவன் செயலியில் பதியலாம். இப்போதைய ஒதுக்கீட்டை உதவி வேளாண் அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊர்க் காட்டுக்கு முதல் படி கிராம சபைத் தீர்மானம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை சபை கூடும் நாள்கள். தீர்மானத்தில் சர்வே எண், பரப்பு, நான்கு எல்லை, காட்டில் உள்ள மரங்களின் பெயர்கள், நடக்கும் திருவிழாக்கள் எல்லாம் இருக்கட்டும். மரங்களின் பெயர்களுக்கு ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். நகலை மாவட்ட வன அலுவலருக்கும் ஆட்சியருக்கும் கொடுத்து, பெற்றதற்கான ஒப்புகையை வாங்கிவிடுங்கள்.