நுவரெலியாவில் கடலை ஏன் லேசில் வேகாது?

"கொழும்பில் ஒரு மணி நேரத்தில் வெந்த கடலை, நுவரெலியாவுக்கு வந்த பிறகு இரண்டு மணி நேரமாகியும் நறுக்கென்று கடிபடுகிறது. ஞாயிற்றுக்கிழமையே கிழமை முழுவதற்கும் மரக்கறிச் சாப்பாட்டைச் சமைத்து வைத்துவிடலாம் என்று தொடங்கினேன். காஸ்தான் தீர்ந்து போகிறது. இந்த ஊர்த் தண்ணீர் சரியில்லை என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. உண்மையா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

தண்ணீர் மேல் பழி போட வேண்டாம். மலையகத்து ஊற்றுநீர் பெரும்பாலும் மென்னீர். கடலை வேக இதைவிட நல்ல தண்ணீர் கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து இறைக்கும் யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில்தான் கடலை முரண்டு பிடிக்கும். அதற்கான காரணம் பின்னால் வருகிறது.

முதற் காரணம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். மேலே போகப் போக வளிமண்டல அமுக்கம் குறையும். அமுக்கம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். ஏறத்தாழ 300 மீற்றருக்கு ஒரு பாகை. கண்டியில் தண்ணீர் 98 பாகையை ஒட்டிக் கொதிக்கும், ஹட்டனில் 96ஐ ஒட்டி, 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94ஐ ஒட்டி. அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பானைத் தண்ணீர் அதைத் தாண்டிச் சூடேறாது. கூட்டிய காஸ் ஆவியாகத்தான் போகும். பத்துப் பாகை குறைந்தால் வேதித்தாக்கத்தின் வேகம் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் இந்த ஆறு பாகைக்கே சமையல் நேரம் ஒன்றரை மடங்காகிறது. வாசகியின் இரண்டு மணி நேரத்தில் பெரும்பங்கு இதிலேயே போய்விட்டது.

மிச்சம் எங்கே போனது என்று பார்க்கக் கடலைக்குள் போக வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த இடமும் அதுதான்.

கடலையின் ஒவ்வொரு கலமும் மாப்பொருளும் புரதமும் அடைத்த சின்னப் பை. அந்தப் பைகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருப்பது பெக்டின் என்னும் பொருள், செங்கல்லுக்கு நடுவே உள்ள சாந்தைப் போல. கடலை மசிகிறது என்றால் கலங்கள் உடைகின்றன என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நன்றாக வெந்த கடலையை நசுக்கி நுணுக்குக்காட்டியில் பார்த்தால், கலங்களில் பெரும்பாலானவை சுவர் குலையாமல் தனித்தனியே கிடக்கும். கரைந்தது அவற்றை ஒட்டியிருந்த பெக்டின் மட்டும். கடலையின் மாப்பொருள் சோற்றைவிட மெதுவாகச் சமிப்பதற்கும் இந்தக் குலையாத சுவர்கள் ஒரு காரணம்.

பெக்டின் ஒரு நீண்ட சங்கிலி. அதன் கண்ணிகளில் சிலவற்றில் மெதைல் என்ற சின்ன அணுக்கூட்டம் ஒட்டிக்கொண்டிருக்கும், சிலவற்றில் இருக்காது. மெதைல் உள்ள இடத்தில் சூடு சங்கிலியை அறுக்கும். மெதைல் கழன்ற இடத்தில் அறுக்க முடியாது. அதோடு நிற்பதில்லை: மெதைல் கழன்ற கண்ணியில் எதிரேற்றம் தங்கிவிடுகிறது. இரண்டு நேரேற்றம் கொண்ட கல்சியம் அயன் அந்த வழியாக வந்தால், பக்கத்துச் சங்கிலிகள் இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிடும். சாதாரணக் கொதிநீருக்கு இந்தப் பூட்டு லேசில் அசையாது. யாழ்ப்பாணத்து வன்னீரில் கடலை அடம்பிடிப்பதற்கு அதில் கரைந்துள்ள கல்சியம்தான் காரணம்.

கடையில் நாட்பட்டுக் கிடந்த கடலையில் இதே பூட்டு வெளியுதவி இல்லாமலே விழுகிறது. விதைக்குள் பைற்றேற் என்றொரு சேர்வை தன்னிடம் கல்சியத்தைப் பிடித்து வைத்திருக்கும். சூடும் ஈரமும் உள்ள களஞ்சியத்தில் மாதக்கணக்கில் கிடந்தால், விதையிலுள்ள நொதியங்களில் ஒன்று பைற்றேற்றை உடைத்துக் கல்சியத்தை விடுவிக்கிறது. இன்னொன்று பெக்டினின் மெதைலைக் கழற்றுகிறது. இரண்டும் சேர்ந்தால் பானையில் வைக்கும் முன்பே கடலைக்குப் பூட்டு விழுந்தாயிற்று. மலைக்கு மேலே வந்து சேரும் கடலை, கீழே எந்தக் களஞ்சியத்தில் எத்தனை மாதம் கிடந்ததோ, யாருக்குத் தெரியும்?

பூட்டைத் திறக்கும் சாவி எல்லா அடுப்படியிலும் இருக்கிறது: உப்பு. ஊறவைக்கும் தண்ணீரில் லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்புப் போட்டால், சோடியம் அயன்கள் உள்ளே போய்க் கல்சியத்தின் இடத்தைப் பிடிக்கின்றன. சோடியத்துக்கு ஒரே ஒரு ஏற்றம். இரண்டு சங்கிலிகளைச் சேர்த்துப் பிடிக்க அதனால் முடியாது. "உப்புப் போட்டால் கடலை வேகாது" என்று நம் வீடுகளில் சொல்லிவருவதற்கு நேர்மாறான விஷயம் இது. நுவரெலியாக் குளிரில் கடலை மெதுவாகத்தான் தண்ணீர் குடிக்கும். 12 மணி நேரமாவது ஊற விடுங்கள்.

வேகவிடாத பொருள் வேறொன்று: புளி. புளிப்புள்ள நீரில் பெக்டின் சங்கிலி அறுபடுவது மிகவும் மந்தம். பழப்புளி, கொறுக்காய், தக்காளி, தேசிக்காய் எல்லாமே கடலை மசிந்த பிறகுதான் பானைக்குள் போக வேண்டும். அப்பச்சோடா இதற்கு எதிர்ப்பக்கம்; சிட்டிகை போட்டால் விரைவில் வேகும், ஆனால் தயமின் என்ற விற்றமினை அழித்துவிடும். பிரஷர் குக்கர் இருக்கும்போது அது தேவையில்லை. டெனிஸ் பப்பின் 1679இல் செய்து காட்டிய அந்தப் பாத்திரத்தின் வழித்தோன்றல், கடற்கரையில் 121 பாகை வரை போகும்; நுவரெலியாவில் 117ஐ ஒட்டி நிற்கும். கொழும்புக் கணக்கைவிட ஐந்தில் ஒரு பங்கு நேரம் கூட வையுங்கள், போதும்.

இவ்வளவு காரணங்கள் இருக்க, கறி வேகாத நாளில் வீட்டுப் பெண்ணைப் பார்த்து "கைராசி இல்லை" என்று சொல்வதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அமுக்கமும் கல்சியமும் செய்ததற்கு அவள் ஏன் பேச்சு வாங்க வேண்டும்? தேயிலைக்கென்று 1925இல் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவகம் தலவாக்கலையில் இருக்கிறது. கொழுந்தைப் பற்றி அங்கே எத்தனையோ ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அந்தக் கொழுந்தைப் பறிக்கிறவர்களின் அடுப்புக்கும் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 2016 சுகாதாரக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதமானோர் வயதுக்கேற்ற உயரமில்லாமல் இருந்தார்கள். தோட்டப்புறத்தில் 32 வீதம். அதற்குக் காரணங்கள் பல. ஆனாலும் விடியற்காலையில் மலைக்கு ஏறும் தாய்க்கு இரண்டு மணி நேரம் கடலை வேகவைக்க எங்கே நேரம்? ஒரு தடவை வேகவைத்து மூன்று நாளைக்கு வைத்துக்கொள்ளும் முறை அவளுக்குத்தான் முதலில் உதவும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஏழு கறியையும் ஞாயிற்றுக்கிழமையே முடிக்கப் பார்க்க வேண்டாம். கடலையோ கௌப்பியோ பெரிய குக்கர் நிறைய வேகவைத்து, புளியும் தேங்காய்ப்பாலும் சேர்க்காமல் நிறுத்துங்கள். புளிக்குக் காரணம் சொல்லியாயிற்று. தேங்காய்ப்பால் சேர்த்தால் சீக்கிரம் பழுதாகிவிடும். திங்கட்கிழமை பால்கறி, செவ்வாய்க்கிழமை செத்தல் மிளகாயும் தேங்காய்ப்பூவும் போட்டுத் தாளித்த கடலை, புதன்கிழமை புளிக்குழம்பு. அன்றன்றைக்கு வேலை கால் மணி நேரம்தான்.

வெந்ததைப் பெரிய பானையிலேயே இரவு முழுக்க விட்டுவிடாதீர்கள். பசிலசு என்ற பற்றீரியாவின் கொதியில் சாகாத வித்திகள் வெதுவெதுப்பில் முளைக்கும்; சோறும் பருப்பும் அவற்றுக்கு விருந்து. அகன்ற தட்டங்களில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். நுவரெலியா இராக்குளிர் போதும் என்று நினைக்கலாம். 5 பாகைக்குக் கீழே போனால்தான் பாதுகாப்பு, சமையலறை அவ்வளவு குளிராது. பிரிட்ஜ் இல்லாத வீட்டில் அன்றன்றைக்கு ஊறவைத்துக் குக்கரில் வேகவைப்பதே நல்லது. சிவப்பு ராஜ்மா என்றால் இன்னும் கவனம் வேண்டும். அதிலுள்ள இலெக்ற்றின் நஞ்சு, கொதிக்காத மிதமான சூட்டில் அழியாது. ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரமாவது நன்றாகக் கொதிக்க வேண்டும்.

கடைசியாகக் கரட். புதன்கிழமைக்குள் மூன்று தடவை சூடாக்கிய கறியில் கரட் களியாகிவிடுகிறது என்பது பலரின் குறை. பழைய கடலைக்குப் பூட்டுப் போட்ட அந்த மெதைல் கழற்றும் நொதியத்தை இங்கே நம் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். கரட்டிலும் அது உண்டு. 60 பாகையை ஒட்டி மும்முரமாக வேலை செய்யும், 80 தாண்டினால் செயலிழந்துவிடும். வெட்டிய கரட்டை அந்த இளஞ்சூட்டில் அரை மணி நேரம் வைத்தால் மெதைல் கழன்று, கரட்டின் சொந்தக் கல்சியமே பெக்டினைப் பூட்டிவிடும். பிறகு எத்தனை தடவை கொதிக்க வைத்தாலும் துண்டு துண்டாகவே நிற்கும். வெப்பமானி தேவையில்லை. நுவரெலியாவில் கொதிநீர் இரண்டு லீற்றருக்குக் குழாய்த் தண்ணீர் ஒரு லீற்றர் கலந்து, அரைக் கிலோ கரட்டைப் போட்டு மூடிவைத்தால் கணக்குச் சரியாக வரும். கொழும்பில் செய்தால் இன்னும் அரை லீற்றர் பச்சைத் தண்ணீர் கூடச் சேர்க்க வேண்டும்.