மலைக்காட்டு இரவில் உடலின் சூடு எங்கே போகிறது?

ஒகேனக்கல்லில் காவிரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 250 மீட்டர் உயரத்தில் பாய்கிறது. அதற்கு வடக்கே, அஞ்செட்டியையும் தேன்கனிக்கோட்டையையும் ஒட்டி எழும் மேலகிரி மலைகளின் உச்சிகள் 1,300 மீட்டரையும் தாண்டுகின்றன. உயரம் 1,000 மீட்டர் கூடும்போது காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது என்பதால், மார்கழி இரவில் ஆற்றங்கரையில் 20 டிகிரி இருந்தால் மேட்டில் 13 அல்லது 14 டிகிரி இருக்கும் என்று தோராயமாகக் கணக்கிடலாம். பனி உறையும் குளிர் இதுவன்று. அப்படியிருந்தும் கூடாரமோ மெத்தையோ இல்லாமல் இந்த மலைகளில் படுப்பவர்கள் நள்ளிரவுக்குப் பின் பல் கிட்டும் அளவுக்கு நடுங்குகிறார்கள். காற்றின் வெப்பநிலையை மட்டும் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. உடல் எந்தெந்த வழியாகச் சூட்டை இழக்கிறது என்பதைத் தனித்தனியே பார்க்க வேண்டும்.

உறங்கும் மனித உடல் நொடிக்குச் சுமார் 75 முதல் 80 ஜூல், அதாவது 75 முதல் 80 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. உடலுக்குள் 37 டிகிரியைக் காப்பாற்ற வேண்டுமானால் வெளியேறும் வெப்பம் இந்த அளவுக்குள் அடங்க வேண்டும். மிஞ்சினால் முதலில் தோலுக்கு அருகிலுள்ள இரத்தக்குழாய்கள் சுருங்கும். அதுவும் போதாதபோது தசைகள் நடுங்கிக் கூடுதல் வெப்பத்தை உண்டாக்கும். உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்குவது உயிருக்கு ஆபத்தான நிலை. ஆகவே காட்டில் ஓர் இரவைக் கழிப்பது, அடிப்படையில் எண்பது வாட் வருமானத்துக்குள் செலவை அடக்கும் கணக்குத்தான்.

அந்தச் செலவில் பலர் கவனிக்கத் தவறுவது தரை. போர்வையை இரண்டாக மடித்துப் போர்த்திக்கொள்பவர்கூட முதுகுக்குக் கீழே ஒரு துண்டை மட்டும் விரித்துப் படுப்பதைப் பார்க்கலாம். நிலையான காற்றின் வெப்பக் கடத்துதிறன் மீட்டருக்கும் டிகிரிக்கும் ஏறத்தாழ 0.025 வாட், காய்ந்த மண்ணுக்கு அது பத்து மடங்கு, ஈர மண்ணுக்கு ஐம்பது மடங்குக்கும் மேல், கிருஷ்ணகிரி வட்டாரமெங்கும் குன்றுகளாக நிற்கும் கருங்கல்லுக்கு நூறு மடங்கு. மாலையில் தொட்டால் இதமாகச் சுடும் பாறை ஏமாற்றக்கூடியது. பகலில் வாங்கிய வெயிலை முன்னிரவில் திருப்பித் தந்துவிட்டு, பின்னிரவில் படுத்திருப்பவரின் சூட்டை அது இடைவிடாமல் உறிஞ்சும்.

இதைத் தடுப்பது படுக்கையில் சிக்கியிருக்கும் காற்று. கேழ்வரகுத் தாளைப் பரப்பி அதன்மேல் படுப்பதாகக் கொள்வோம். முதுகின் வெப்பநிலை 33 டிகிரி, தரை 15 டிகிரி, தொடும் பரப்பு மூன்றில் ஒரு சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், உடல் எடையில் அமுங்கிய பின் தாளின் கனம் ஒரு சென்டிமீட்டராக இருக்கும்போது சுமார் 30 வாட் தரைக்குள் இறங்கிவிடும். ஐந்து சென்டிமீட்டராக இருந்தால் 6 வாட்தான் போகும். அமுங்கிய பின் உள்ள கனம்தான் இங்கே கணக்கு. பார்வைக்கு ஒரு முழ உயரம் இருக்கும் தாள் படுத்தவுடன் நாலு விரல் கனத்துக்கு ஒடுங்கிவிடும். போர்வையின் கதையும் இதுவே: மேலே கிடக்கும் பாதி புசுபுசுவென்று காற்றைப் பிடித்திருக்க, முதுகுக்குக் கீழே நசுங்கிய பாதி அநேகமாகப் பயனற்றுப் போகிறது. என் கருத்தில், சுமக்க ஒரு பொருளுக்கு மட்டுமே இடம் இருக்குமானால் இரண்டாவது போர்வையை விட்டுவிட்டு, எடைக்கு அமுங்காத நுரைப்பாயை எடுத்துச் செல்வதே சரி. காட்டில் உதிர்ந்த சருகை வாரிப் படுக்கையாக்கும் யோசனையை நான் ஆதரிக்க மாட்டேன். தேளும் விரியனும் உண்ணியும் தங்கும் இடம் அது.

கேழ்வரகு முற்றும் பருவத்தில் யானைக்கும் காட்டுப்பன்றிக்கும் காவலிருக்கும் உழவர்கள் பரண் கட்டி அதன்மேல் தாள் பரப்பிப் படுப்பார்கள். அவர்கள் பரண் ஏறுவது விலங்குக்கு அஞ்சியும் வயலைப் பார்ப்பதற்கும்தான் என்றாலும், அதில் வெப்பம் சார்ந்த பயனும் உண்டு. அமைதியான, தெளிந்த இரவில் தரையை ஒட்டிய காற்றுதான் மிகவும் குளிர்ந்தது. தலைக்கு மேலே சற்று உயரத்தில் அது சில டிகிரி வெதுவெதுப்பாக இருக்கும். பரணின் குறை, அடியில் காற்று புகுந்து ஓடுவது. தாளை அடர்த்தியாகப் பரப்பினால் அதையும் ஓரளவு அடைத்துவிடலாம்.

தரை ஏன் காற்றைவிடக் குளிர்கிறது? அதற்குக் காரணம் வானம். எல்லாப் பொருள்களும் அகச்சிவப்புக் கதிர்களை வெளியிடுகின்றன. எதிரே உள்ள பொருளிடமிருந்து பெறவும் செய்கின்றன. மேகமற்ற வானம் திருப்பித் தரும் கதிர்வீச்சு மிகக் குறைவு. கணக்குப்படி அது காற்றைவிட 10 முதல் 20 டிகிரி குளிர்ந்த ஒரு கூரைக்குச் சமம். போர்வையின் மேற்பரப்பு 15 டிகிரியும் வானக்கூரை 0 டிகிரியும் என்றால், ஒவ்வொரு சதுர மீட்டரும் ஏறத்தாழ 75 வாட்டை வானத்துக்கு இழக்கத் தொடங்கும். அதே இடத்தில் தலைக்கு மேலே அடர்ந்த மரக்கிளைகள் இருந்தால், அவற்றின் இலைகள் காற்றின் வெப்பநிலைக்கு அருகிலேயே இருப்பதால், இழப்பு சுமார் 10 வாட்டாகச் சுருங்கிவிடும். திறந்த புல்வெளியில் விண்மீன்களைப் பார்த்தபடி படுப்பதற்கும் புளியமரத்தடியில் படுப்பதற்கும் உள்ள வேறுபாடு இவ்வளவு பெரியது.

இந்த உண்மை நம் நாட்டில் தொழிலாகவே இருந்தது. அலகாபாத் பக்கம் பனிக்கட்டி செய்யும் முறையை ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1775 இல் பதிவு செய்தார். குழிகளில் கரும்புத் தட்டையும் சோளத் தட்டையும் பரப்பி, அதன்மேல் ஆழமற்ற மண்சட்டிகளில் தண்ணீர் வைத்தால், தெளிந்த குளிர்கால இரவில் அது விடிவதற்குள் உறையும். கீழிருந்து வரும் மண்ணின் சூட்டைத் தட்டை தடுத்தது. மேலே தண்ணீர் தன் சூட்டைத் திறந்த வானத்துக்கு இழந்தது. லண்டனில் வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ் என்ற மருத்துவர், உயர்த்தி வைத்த பலகையின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் சம எடையுள்ள கம்பளிப் பஞ்சைப் பொருத்தி, வானத்தைப் பார்த்த பஞ்சே பல மடங்கு அதிகப் பனி ஏற்றதைக் கண்டார். 1814 இல் அவர் வெளியிட்ட விளக்கம்தான் இன்றும் நாம் சொல்வது: பனி வானத்திலிருந்து பெய்வதில்லை, குளிர்ந்த பரப்பின்மேல் காற்றின் ஈரம் படிகிறது.

வெல்ஸ் கம்பளியைத் தேர்ந்தெடுத்ததில் நமக்கும் ஒரு குறிப்பு இருக்கிறது. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் வாங்கிய பின்னும் இழைகளுக்கிடையே காற்றைத் தக்கவைத்துக்கொள்ளும். பருத்தி நனைந்தால் இழைகள் ஒட்டி, காற்று இருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் காற்றைப் போல் இருபது மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். ஆடு மேய்க்கும் குறும்பர்கள் நெய்துவந்த கருப்புக் கம்பளி பனியில் நனைந்தும் காப்பதற்கு இதுவே காரணம். மலையேறி வியர்த்த சட்டையோடு படுப்பது இதனாலேயே தவறு.

குளிர்ந்த காற்று கனமானது. சரிவின் மேலே குளிர்ந்த காற்று இரவெல்லாம் வழிந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. ஆகவே ஓடைக்கரை, தண்ணீர் வசதியைக் காட்டி அழைத்தாலும், விடியலில் மிகவும் குளிர்ந்த இடமாகிவிடும், உச்சியில் காற்று வீசும், நடுச்சரிவே இதமானது. நீர்க்கரை யானைத் தடமும்கூட. பெங்களூரை ஒட்டிய பன்னார்கட்டாக் காட்டுப் பக்கத்திலிருந்து யானைக் கூட்டங்கள் இந்த வனப்பகுதிக்கு வருவதும் குளிர்காலத்தில்தான்.

நெருப்பை நம்பியே காட்டுக்குப் போகிறவர்கள் அதிகம். நெருப்பின் கதிர் முன்புறத்தைச் சுடும்போது, மேலெழும் சூடான காற்றின் இடத்தை நிரப்பத் தரையோடு வரும் குளிர்காற்று முதுகைத் தாக்குகிறது. பின்னால் ஒரு பாறைச்சுவர் இருந்தால்தான் இது சரியாகும். காய்ந்த புல்லும் மூங்கிலும் உண்ணிச்செடியும் நிறைந்த இந்தக் காட்டிலோ ஒரு பொறியே சரிவு முழுவதையும் எரித்துவிடும். இந்த மலைகளின் பெரும்பகுதி 2014 இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்தில் அடங்கியது. அனுமதியின்றி உள்ளே தங்குவதும் காட்டுக்கு ஆபத்தாகும்படி தீ மூட்டுவதும் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறை அனுமதிக்கும் இடங்களிலோ காட்டோரப் பட்டா நிலத்திலோ தங்குபவர்களும் நெருப்பை நம்பாமல் படுக்கையை நம்புவதே நல்லது.

இரவின் கடுங்குளிர் நள்ளிரவில் வருவதில்லை. தரை இழக்கும் வெப்பத்தை ஈடுசெய்யும் அளவுக்கு வெயில் ஏறும்வரை வெப்பநிலை இறங்கிக்கொண்டே போவதால், மிகக் குறைந்த அளவு சூரியன் எழும் வேளையை ஒட்டியே பதிவாகும். உடலின் உள்வெப்பமும் அதற்குச் சற்று முன்னர்தான் அன்றாடச் சுழற்சியின் அடிமட்டத்தைத் தொட்டிருக்கும். எனவே உலர்ந்த மாற்றுச் சட்டையையும் ஒரு பிடி வேர்க்கடலையையும் முன்னிரவிலேயே தீர்த்துவிடாமல், மூன்று மணிக்குமேல் விழிப்பு வரும் நேரத்துக்கென்று கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும்.