ஜெயித்த குதிரைக்கு ஏன் ஈயக்கட்டி?

தை பிறந்தால் வேலூர் மாவட்டத்தின் அணைக்கட்டு, கணியம்பாடி பக்கத்து ஊர்களில் காளை விடும் விழா களைகட்டிவிடும். தெருவின் இருபுறமும் தடுப்பு, நடுவில் அவிழ்த்துவிட்ட காளை, எல்லையில் நொடி குறிக்க ஓர் ஆள். குறைந்த நொடியில் கடந்த மாட்டுக்குப் பரிசு. போன வருஷம் ஜெயித்த காளை இந்த வருஷம் முதுகில் மணல் மூட்டையோடுதான் ஓட வேண்டும் என்று விழாக்குழு சொன்னால்? அடிதடிதான். குதிரைப் பந்தயத்தில் அதையே விதியாக வைத்திருக்கிறார்கள். பெயர் ஹேண்டிகேப். இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் கோப்பை இரண்டும் அந்த வகை.

ஒவ்வொரு குதிரையின் பழைய ஓட்டங்களையும் அலசி, அது சுமக்க வேண்டிய எடையை ஓர் அதிகாரி நிர்ணயிப்பார். ஜாக்கியும் சேணமும் சேர்ந்து அந்த எடைக்குக் குறைந்தால், மிச்சத்துக்கு ஈயத் தகடுகளைச் செருகுவார்கள். எல்லாக் குதிரையும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொட வேண்டும் என்பதுதான் அவருடைய கனவு.

சில கிலோவில் என்ன ஆகிவிடும்? 1973 கிராண்ட் நேஷனலைப் பாருங்கள். சுமார் 7.2 கிலோமீட்டர், 30 தடைகள், 38 குதிரைகள். கிரிஸ்ப் என்ற குதிரைக்கு 76 கிலோ, ரெட் ரம்முக்கு 66 கிலோ. வித்தியாசம் ஒரு பத்து கிலோ அரிசி மூட்டை. அந்த மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ரத்தினகிரி படி ஏறியவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. முதல் பத்துப் படியில் ஒன்றும் தெரியாது; பாதி மலையில் தெரியும்.

குதிரையும் சுமையும் சேர்ந்த மொத்த எடை எத்தனை சதவீதம் கூடுகிறதோ, ஏறக்குறைய அத்தனை சதவீதம் ஆக்ஸிஜன் செலவும் கூடும். 500 கிலோ குதிரை ஏற்கெனவே 66 கிலோ சுமக்கிறது என்றால், மேலும் பத்து கிலோ என்பது இரண்டு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. அதனால் வேகம் ஒரே ஒரு சதவீதம் குறைந்ததாக வைத்துக்கொள்வோம். ஆயிரம் மீட்டரில் இழப்பு 10 மீட்டர். 7.2 கிலோமீட்டரிலோ 72 மீட்டர்! ஒரு குதிரை நீளம் சுமார் 2.4 மீட்டர் என்றால், முப்பது குதிரை நீளம். இதுபோக, தடை தாண்டும் ஒவ்வொரு முறையும் அந்த மூட்டையையும் மேலே தூக்கியாக வேண்டும்.

அன்று நடந்தது அதுதான். கடைசித் தடையைக் கிரிஸ்ப் தாண்டும்போது ரெட் ரம் சுமார் பதினைந்து நீளம் பின்னால். பிறகு கிரிஸ்ப்பின் கால்கள் தள்ளாடின. எல்லைக்குச் சில எட்டு முன்பு ரெட் ரம் முந்தி, முக்கால் நீளத்தில் ஜெயித்தது. நீண்ட ஓட்டத்தில் ஒரு பவுண்டுக்கு ஒரு நீளம் என்பது பந்தயக்காரர்கள் கணக்கு. அந்தப் பத்து கிலோ சொச்சம் வித்தியாசம் 23 பவுண்டு. சம எடையில் ஓடியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

எங்கள் காட்பாடி டீக்கடையில் ஒருவர் எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று "நிச்சய டிப்ஸ்" வைத்திருப்பார். அவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அந்தக் குதிரை நல்ல குதிரை என்பது எடை போட்டவருக்குத் தெரியாதா, அண்ணே? தெரிந்ததால்தானே ஈயம்! கிராண்ட் நேஷனல் மாதிரிப் பெரிய பந்தயங்களில் எடை அறிவித்த பிறகு பந்தயத்துக்குப் பல வாரம் இருக்கும். அந்த இடைவெளியில் தேறிய குதிரையைப் பிடித்தால் உண்டு. ஆனால் அதைப் பந்தயப் பணம் வாங்கும் புக்கியும் கவனித்துக்கொண்டுதான் இருப்பார்.

புக்கியின் கணக்கு எளிது. மூன்று குதிரை, மூன்றுக்கும் "ஒன்றுக்கு ஒன்றரை" என்று வையுங்கள். மூன்றிலும் நூறு நூறு கட்டினால் செலவு 300. எது ஜெயித்தாலும் கைக்கு வருவது, அதில் கட்டிய 100-ம் பரிசு 150-ம் சேர்த்து 250. அந்த ஐம்பது ஓடாமலேயே ஜெயித்த குதிரை.

1996-ல் உச்ச நீதிமன்றம், தமிழக அரசின் பந்தய ஒழிப்புச் சட்ட வழக்கில், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்றது. திறமை இருக்கிறதுதான், அதில் பெரும்பங்கு எடை போடுபவரிடம் என்பேன். அவருக்கும் சறுக்கும். 1974-ல் ரெட் ரம் மீது அதே 76 கிலோவை ஏற்றினார்கள். ஏழு நீளத்தில் ஜெயித்தது.