‘செயலற்ற ஆண்டெனா’ என்னும் வேண்டாத சொல்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் பழைய சாமான் கடைகளில், கைபேசிக் கோபுரத்திலிருந்து கழற்றிய வெள்ளைக் கூம்பு கிடைத்தால் விடாதீர்கள். துல்லிய நேரத்துக்கான ஜி.பி.எஸ். ஆண்டெனாவாக இருக்கலாம். ஆனால் விற்பனைக் குறிப்பில் ஆக்டிவ், பாசிவ் என்பவற்றை ‘செயலில் உள்ள ஆண்டெனா’, ‘செயலற்ற ஆண்டெனா’ என்று எழுதுகிறார்களே, அதுதான் தாங்க முடியவில்லை. தமிழ் தெரிந்த யாரும் முன்னதை ஓடுவது என்றும் பின்னதைக் கெட்டது என்றும்தான் படிப்பார்கள்.

ஆண்டெனா லத்தீன் சொல். பாய்மரக் கப்பலின் குறுக்குக் கழி, பிறகு பூச்சியின் உணர்கொம்பு, மார்க்கோனி காலத்தில் வானொலி. தமிழில் அலைவாங்கி; அதில் சண்டை இல்லை.

சண்டை அடைமொழியில். மின்னணுவியலில் ஆக்டிவ் என்றால் வெளியிலிருந்து மின்சாரம் வாங்கிக் குறிகையை (சிக்னலை) பெருக்குவது; பாசிவ் என்றால் பெருக்காதது. கெட்டதா நல்லதா என்ற பேச்சே இல்லை. ‘செயலுறு’, ‘செயலறு’ என்று சுருக்கினால் சொல் அழகாகும், குழப்பம் அப்படியே இருக்கும். பெருக்கியுள்ள அலைவாங்கி, பெருக்கியில்லா அலைவாங்கி: இவை போதும். பெருக்கி ஒருவழிப் பாதை என்பதால் முன்னதற்கு ‘வாங்கி’ இன்னும் கச்சிதம். இந்த ஜி.பி.எஸ். வகையால் அலையை அனுப்பவே முடியாது.

பெருக்கி எதற்கு? ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் அனுப்பும் எல்1 என்ற அலை 1575.42 மெகாஹெர்ட்ஸ். தரைக்கு வரும்போது சுமார் −130 டிபிஎம்தான், அதாவது மிக மிக மெலிந்தது. ஆர்ஜி-58 என்னும் மெல்லிய ஆண்டெனா கேபிள் அதில் 10 மீட்டருக்கு 6 டெசிபெலுக்கு மேல் தின்றுவிடும். கூரைக்கு மேலே கொண்டுபோக வேண்டுமானால் பெருக்கியுள்ளதைத்தான் தேட வேண்டும்.

சொல் எங்கே கழுத்தறுக்கிறது என்பது சோதிக்கும்போது தெரியும். ஒட்டுத்தாளில் பெருக்கம் 26 அல்லது 40 டெசிபெல், மின்னழுத்தம் 5 வோல்ட் என்று இருந்தால் அதன்படி போகலாம். ஒட்டுத்தாள் உரிந்திருந்தால் மின்னோட்டத்தை 50 மில்லி ஆம்பியரில் கட்டுப்படுத்தி, இணைப்பியின் நடு ஊசிக்கு நேர்மின் 3.3 வோல்ட் கொடுங்கள். 10 முதல் 40 மில்லி ஆம்பியர் வரை ஓடினால் பெரும்பாலும் பெருக்கி உயிரோடு இருக்கிறது. எல்லையை முட்டினால் உடனே நிறுத்துங்கள்: உள்ளே தண்ணீர் புகுந்து ஷார்ட் ஆகியிருக்கலாம், அல்லது நடு ஊசியும் இணைப்பியின் வெளி உறையும் உள்ளேயே இணைந்த பெருக்கியில்லா வகையாக இருக்கலாம். பின்னதை ரிசீவரில் மாட்டும்முன் இடையில் டி.சி. தடுப்பு (நேர்மின்னோட்டத்தை மறித்துக் குறிகையை மட்டும் விடுவது) வையுங்கள்.

எதுவும் ஓடாவிட்டால்? 5 வோல்ட் கேட்கும் வகையாகவோ, பெருக்கி செத்ததாகவோ, பெருக்கியே இல்லாததாகவோ இருக்கலாம். கடைசி இரண்டையும் ‘செயலற்ற’ என்றே எழுதினால் நல்லதும் குப்பைக்குப் போகும். ஒரு மீட்டர் கேபிளில் ரிசீவருடன் திறந்த வானத்தில் வைத்துப் பாருங்கள். பெருக்கியில்லாதது மெலிந்த குறிகையுடனாவது செயற்கைக்கோள்களைப் பிடிக்கும். செத்தது பெரும்பாலும் ஒன்றையும் பிடிக்காது.

வாங்கும்போது இணைப்பியைத் திருகிப் பாருங்கள். பச்சைக் களிம்பு இருந்தால் நம் மழை உள்ளே போய்விட்டது. தகரக் கூரைக்கு மேலே, செம்பனை மட்டைக்கு எட்டாமல் நிறுத்துங்கள்; நனைந்த மட்டை குறிகையைக் குறைக்கும். குறிகை கேபிளில் வர எடுக்கும் தாமதத்தையும் ரிசீவரில் பதியுங்கள்: ஆர்ஜி-58க்கு மீட்டருக்கு சுமார் 5 நானோ வினாடி, 20 மீட்டருக்கு 100. விட்டால் நேரம் அந்த அளவு பிந்தும்.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறக்கிறார்கள், பொருளைத் திறப்பதில்லை. விற்பவர் இப்படி எழுதட்டும்: ‘பெருக்கியுள்ள அலைவாங்கி, 5 வோல்ட், 26 டெசிபெல், ‘N’ வகை இணைப்பி, சோதிக்கப்பட்டது.’