நிழல் எந்த ஓரத்தில் விழுகிறது?

அச்சகம் நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மொட்டைமாடியில் சோலார் தகடுகளை நிற்கும் வாக்கில் பொருத்தியிருக்கிறோம். மாலையில் கைப்பிடிச் சுவரின் நிழல் முன்வரிசைத் தகடுகளின் கீழ் ஓரத்தில் ஒரு சாணுக்கும் குறைவாகவே விழுகிறது. ஆனால் அந்த வரிசையின் உற்பத்தியே படுத்துவிடுகிறது. தகடு பழுதா?"

பழுது இல்லை. பகலில் இயந்திரங்கள் ஓடும் தொழிலிடங்களில் மின்சாரம் உற்பத்தியாகும் நேரமும் செலவாகும் நேரமும் ஒன்றாகவே அமைவதால், சொந்தப் பயன்பாட்டுக்குத் தகடு பொருத்துவது நல்ல ஏற்பாடுதான். எத்தனை கிலோவாட் வேண்டும் என்று கணக்குப் போடுகிறவர்கள், தகட்டுக்குள் மின்கலங்கள் எப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன என்பதை மட்டும் பெரும்பாலும் கேட்பதில்லை.

ஒளி பட்டால் சிலிக்கானில் எலக்ட்ரான்கள் விடுபடுவது பள்ளிப் பாடம். ஒரு மின்கலம் தரும் மின்னழுத்தம் ஏறக்குறைய அரை வோல்ட். அதன் மின்னோட்டம் விழும் ஒளியின் அளவைப் பொறுத்தது. அரை வோல்ட்டை வைத்துக்கொண்டு எதையும் ஓட்ட முடியாது என்பதால், வழக்கமான தகடொன்றில் 60 மின்கலங்களைத் தொடராக இணைக்கிறார்கள். தொடரிணைப்பில் எல்லா மின்கலங்களின் வழியாகவும் ஒரே மின்னோட்டம்தான் பாய வேண்டும். செங்கல்லைக் கைமாற்றி மேலே ஏற்றும் ஆள் வரிசையில் ஒருவர் தளர்ந்தால் எல்லோருடைய வேகமும் அவருடைய வேகத்துக்கு இறங்கிவிடுவது போல, நிழலில் இருக்கும் ஒரு மின்கலம் முழுத் தொடரையும் தன் அளவுக்கு இழுத்துவிடும். அதோடு முடிவதில்லை. வெயிலில் இருக்கும் மற்ற மின்கலங்கள் தங்கள் மின்னோட்டத்தை அதன் வழியாகத் தள்ள முயலும்போது அதன் மின்னழுத்தம் தலைகீழாகி, மின்சாரம் தர வேண்டிய மின்கலமே மின்சாரத்தை விழுங்கிச் சூடாகிறது.

இதைத் தடுக்கத்தான் தகட்டின் பின்புறம் உள்ள கறுப்புப் பெட்டிக்குள், மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் மூன்று டையோடுகளை வைக்கிறார்கள். ஒவ்வொன்றும் 20 மின்கலங்களுக்குக் காவல். அந்த இருபதில் ஒன்று நிழலில் சிக்கினால் டையோடு திறந்து, மின்னோட்டத்தைச் சுற்றுவழியில் அனுப்பிவிடுகிறது. இருபது மின்கலங்களின் உற்பத்தி போகும்; மீதி நாற்பது பிழைக்கும்.

என்னைப் பொறுத்தவரை இந்தச் சாதனத்தின் உண்மையான அழகு இங்கேதான் இருக்கிறது. 60 மின்கலங்களும் ஆறு நெடுவரிசைகளாக, வரிசைக்குப் பத்தாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பக்கத்துப் பக்கத்து இரண்டு நெடுவரிசைகள் சேர்ந்தது ஒரு டையோடின் எல்லை. தகடு நிமிர்ந்து நிற்கும்போது கீழ் ஓரத்தில் விழும் நிழல் ஆறு நெடுவரிசைகளின் கடைசி மின்கலங்களையும் தொட்டுவிடுகிறது. மூன்று குழுக்களும் ஒருசேர அடிபடுகின்றன. பரப்பில் மறைந்தது பத்தில் ஒரு பங்குதான், ஆனால் மிஞ்சுவது வானத்தின் பரவலான ஒளி தரும் சிறு உற்பத்தி மட்டுமே. அதே தகட்டைப் படுக்கவாக்கில், அதாவது நீளமான பக்கம் கீழே வரும்படி, பொருத்தியிருந்தால் அதே நிழல் ஒரேயொரு நெடுவரிசையின் மேல் விழும். ஒரு குழு விலகிக்கொள்ளும், மூன்றில் இரண்டு பங்கு உற்பத்தி நிற்காமல் வரும். கூடுதல் செலவில்லாமல், தகட்டைத் திருப்பிவைத்ததால் மட்டுமே கிடைக்கும் ஆதாயம் இது. மின்கலங்களை இரண்டாக வெட்டி, மேல்பாதியையும் கீழ்பாதியையும் பக்க இணைப்பில் கோத்த புதிய தகடுகளில், நிமிர்ந்து நின்றாலும் மேல்பாதி தப்பித்துக்கொள்கிறது.

சுற்றுவழி திறந்தபின் இன்வெர்ட்டருக்கு ஒரு சிக்கல் உண்டு. தகடுகளின் நேர்மின்சாரத்தை நாம் பயன்படுத்தும் மாறுமின்சாரமாக மாற்றும் இந்தக் கருவி, மின்திறன் மிக அதிகமாகக் கிடைக்கும் மின்னழுத்தத்தையும் தேடிப்பிடிக்க வேண்டும். மின்னழுத்தத்துக்கு எதிராக மின்திறனை வரைந்தால், வழக்கமாக ஒரு மேடு இருக்க வேண்டிய இடத்தில் இப்போது இரண்டு மூன்று மேடுகள் இருக்கும். அருகிலுள்ள சிறிய மேட்டில் ஏறியதும் திருப்தியடைந்து நின்றுவிடும் இன்வெர்ட்டரும் உண்டு. அவ்வப்போது முழு வீச்சையும் துழாவி உயரமான மேட்டைக் கண்டுபிடிக்கும் இன்வெர்ட்டரும் உண்டு. நிழல் விழும் கூரைக்கு இரண்டாம் வகையைத்தான் வாங்க வேண்டும். நிழல்படும் வரிசையை அதே இன்வெர்ட்டரின் தனி உள்ளீட்டில் இணைப்பதும் அவசியம்.

இவ்வளவுக்கும் அடித்தளமான சிலிக்கான் சந்தியை, அதாவது இருவகைச் சிலிக்கான் ஒன்றையொன்று தொடும் எல்லையை, யாரும் தேடிப்போய்க் கண்டுபிடிக்கவில்லை. 1940இல் பெல் ஆய்வகத்தில் ரஸ்ஸல் ஓல், வானொலி அலைகளை உணரும் படிகங்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, விரிசல் விட்ட ஒரு சிலிக்கான் துண்டின் மேல் ஒளி பட்டதும் மின்னழுத்தம் எழுவதைக் கவனித்தார். 6 விழுக்காடு திறனுள்ள சூரிய மின்கலம் அதே ஆய்வகத்தில் வெளிவந்தது 1954இல். உடனடிப் பயன் என்ன என்று கேட்டுத்தான் ஆய்வுக்குப் பணம் தருவோம் என்பவர்கள் இந்த இடைவெளியைக் கொஞ்சம் எண்ணிப்பார்க்கலாம். தகட்டைப் பொருத்துவதற்கு நல்ல நேரம் பார்ப்பவர்களும், அந்த அக்கறையில் ஒரு பங்கை நிழல் நகரும் நேரத்தைப் பார்ப்பதற்கு ஒதுக்கினால் உற்பத்தி கூடும்.

சுவரின் நிழலாவது சூரியனோடு நகர்ந்துவிடும். பறவையின் எச்சம் நகராது. அது மறைக்கும் மின்கலம் நாள் முழுவதும் சூடேறும். டையோடு இருந்தாலும், தன் குழுவின் மற்ற 19 மின்கலங்கள் தரும் ஏறக்குறைய 10 வோல்ட் அதன் மேல் தலைகீழாக நிற்கும். பாதி மறைந்த மின்கலத்தில் சில ஆம்பியர் பாய்ந்தால் உள்ளங்கையளவு பரப்பில் பத்துக்கணக்கான வாட் வெப்பம் எழுகிறது. நாளடைவில் பின்புற உறை பழுப்பேறும், கண்ணாடியும் விரிசல் விடலாம். தூசியை மழை ஓரளவு கழுவிவிடும்; காய்ந்து ஒட்டிய எச்சத்தை மட்டும், தகடு குளிர்ந்திருக்கும் அதிகாலையில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, மென்மையான துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.