தறிச் சத்தத்துக்கு நடுவே பேசுவது எப்படி?

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் மாமாவின் தறிப்பட்டறையில் எட்டுத் தறி ஓடும். உள்ளே போனால் பக்கத்தில் நிற்பவர் தொண்டை கிழியக் கத்தினாலும் நமக்குக் காதில் விழாது. ஆனால் அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. மூன்று விரலைக் காட்டிக் கையை ஒரு சுழற்று சுழற்றினால் மூன்றாம் தறியில் தார் (ஊடை நூல் சுற்றிய குச்சி) தீர்ந்துவிட்டது என்று அர்த்தம், கத்தரி போல விரலை ஆட்டினால் பாவு நூல் அறுந்துவிட்டது. மிச்சத்தை உதட்டசைவிலேயே பிடித்துவிடுவார்கள். பட்டறைக்குள் சொல்ல வேண்டிய சேதியே மொத்தம் இருபது முப்பதுதான், எது வரக்கூடும் என்று பார்ப்பவருக்கு முன்பே தெரியும். அங்கே நின்றுகொண்டு யாராவது ஊர்க்கதை சொல்லப் பார்த்தால் ஒரு வரி புரியாது.

ஹாம் ரேடியோவை, அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசும் ரேடியோவை, கணினியோடு சேர்த்து, காதுக்கே எட்டாத சிக்னலைப் படிக்கிறோம் என்று சொன்னால் பலரும் ஏதோ பெரிய கருவி இருக்கும் என்று நினைக்கிறார்கள். மொட்டைமாடி அறையில் என்னிடம் இருப்பது ஒரு பழைய டிரான்ஸீவர் (அனுப்பவும் கேட்கவும் ஆன ரேடியோ), ஒரு பழைய லேப்டாப், சல்லிசாகக் கிடைக்கிற யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு ஒன்று, நடுவில் இரண்டு ஒயர். அவ்வளவுதான். நடப்பது தறிப்பட்டறைக் கதையேதான்: இரண்டு பக்கமும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கிறார்கள்.

முதலில் சவுண்ட் கார்டு. பாட்டுக் கேட்கவும் வீடியோ காலில் பேசவும் வைத்த சின்னச் சில்லு அது. உள்ளே வரும் மின்னழுத்தத்தை வினாடிக்கு 48,000 தடவை அளந்து ஒவ்வொரு அளவையும் எண்ணாக்கிக் கணினிக்குக் கொடுக்கும், வெளியே போகும்போது எண்ணை மறுபடி மின்னழுத்தமாக்கும். ரேடியோவின் ஸ்பீக்கரில் வரும் சத்தம் பெரும்பாலும் 300 முதல் 3,000 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுவதால் அதற்கு இது தாராளம். ரேடியோவின் ஸ்பீக்கர் வழியிலிருந்து சவுண்ட் கார்டின் மைக் துளைக்கு ஒரு ஒயர், சவுண்ட் கார்டின் ஹெட்போன் துளையிலிருந்து ரேடியோவின் மைக்குக்கு ஒரு ஒயர். இப்போது வரும் புது ரேடியோக்கள் பலவற்றில் சவுண்ட் கார்டு உள்ளேயே இருக்கிறது, ஒரே யு.எஸ்.பி. கேபிளில் வேலை முடிந்துவிடும். என்னைப் போல பழசை வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தப் பாடு.

சரி, சத்தம் எப்படி ரேடியோ அலையாகிறது? ரேடியோவை 14.074 மெகாஹெர்ட்ஸில் மேல் பக்கப்பட்டையில் (சத்தத்தின் ஹெர்ட்ஸ் அப்படியே மேலே கூடுகிற முறை) வைத்துவிட்டு, கணினி 1,500 ஹெர்ட்ஸில் ஒரு விசில் அடித்தால் ஆன்டெனாவில் கிளம்புவது 14.0755 மெகாஹெர்ட்ஸ் அலை. விசில் 6 ஹெர்ட்ஸ் ஏறினால் அலையும் அதே 6 ஹெர்ட்ஸ் ஏறும். அடிவாரத்தில் பஸ் ஏறிய கூட்டம் இருபது கொண்டை ஊசி வளைவும் சுற்றிப்போய் ஏற்காட்டில் இறங்கும்போது அதே சீட்டு வரிசையில் உட்கார்ந்திருப்பது மாதிரி, உயரம் மட்டும்தான் மாறுகிறது, இடைவெளி மாறுவதில்லை. அதனால் சத்தத்தை எப்படிப் பின்னுவது என்கிற வேலை முழுவதையும் கணினியிடம் விட்டுவிடலாம், ரேடியோ வெறும் பஸ்.

இந்தப் பின்னலில் இன்று அதிகம் ஓடுவது எஃப்.டி.8 என்ற முறை. ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கேயும் 2017ல் வெளியிட்டது. டெய்லர் யாரென்றால், 1974ல் ரஸ்ஸல் ஹல்ஸோடு சேர்ந்து இன்னொரு விண்மீனோடு ஜோடியாகச் சுற்றும் பல்சரை (சீராக ரேடியோத் துடிப்பு அனுப்பும் விண்மீன்) கண்டுபிடித்து 1993ல் இயற்பியல் நோபல் வாங்கியவர், அவரும் ஒரு ஹாம். வானத்து இரைச்சலுக்குள் மெல்லிய துடிப்பைத் தேடியே பழகிய ஆளிடமிருந்து இப்படி ஒன்று வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

எஃப்.டி.8 எட்டு விசில்களை வைத்துக்கொண்டு பேசுகிறது, ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் 6.25 ஹெர்ட்ஸ்தான் வித்தியாசம். ஒவ்வொரு விசிலும் 0.16 வினாடி, மொத்தம் 79 விசில், 12.64 வினாடியில் ஒரு சேதி முடியும். ஸ்பீக்கரில் கேட்டால் யாரோ குழாய்க்குள் ஊதுகிற மாதிரி இழுவையாக இருக்கும். நிமிடத்தின் 0, 15, 30, 45 ஆகிய வினாடிகளில் மட்டும்தான் யாரும் ஆரம்பிக்க வேண்டும், இது முதல் ஒப்பந்தம். எங்கே தொடங்கும் என்று தெரிந்துவிட்டால் தேடும் வேலை பாதி குறைந்துவிடும்.

இரண்டாவது ஒப்பந்தம் என்ன சொல்லலாம் என்பது. ஒரு சேதிக்கு 77 பிட்தான், பிட் என்பது 0 அல்லது 1. வழக்கமான அழைப்புக்குறிகளின் (ஒவ்வொரு ஹாமுக்கும் உள்ள அடையாளப் பெயர்) எழுத்து, எண் வரிசைகளை எல்லாம் கூட்டினால் சுமார் 26.2 கோடி வகை வரும், 28 பிட்டில் 26.8 கோடி வரை எண்ணலாம், ஆக ஒரு அழைப்புக்குறிக்கு 28 பிட் போதும். அழைப்பவர், அழைக்கப்படுபவர் என்று இரண்டு. ஊர் சொல்ல 15 பிட். உலகத்தை 32,400 கட்டங்களாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள், சேலமும் ஏற்காடும் ஒரே கட்டம்தான், எம்.கே.91. மிச்ச சில பிட் இது என்ன வகைச் சேதி என்று சொல்ல. இந்த 77 பிட்டோடு சரிபார்ப்புக்கு 14 பிட், அதற்கும் மேல் பிழை திருத்த 83 பிட். சேதியைவிட அதன் காவலுக்குப் போகிற பிட் அதிகம்! எட்டு விசிலில் ஒன்று என்றால் மூன்று பிட், ஆகவே மொத்தம் 174 பிட்டை மும்மூன்றாக எடுத்தால் 58 விசில், நடுநடுவே நேரத்தையும் சுருதியையும் பிடித்துக்கொள்ள 21 விசில், ஆக 79.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இரைச்சலில் நூறில் ஒரு பங்கு சக்தி உள்ள சிக்னலைக்கூடப் படிக்கும் என்கிறார்கள், திரையில் அது மைனஸ் 20 டெசிபல் என்று வரும். இதைக் கேட்டால் மந்திரம் போலத் தோன்றும். அந்தக் கணக்கில் இரைச்சலை 2,500 ஹெர்ட்ஸ் அகலத்துக்கும் சேர்த்து அளக்கிறார்கள் என்பதுதான் சூட்சுமம். மென்பொருள் தன் உள்வேலைக்கு வினாடிக்கு 12,000 அளவுகளை வைத்துக்கொள்கிறது, ஒரு விசிலின் 0.16 வினாடிக்கு 1,920 அளவு. அந்த 1,920 எண்களை ஃபூரியே உருமாற்றம் என்ற சல்லடையில் போட்டால் சத்தம் 6.25 ஹெர்ட்ஸ் அகலக் கண்ணறைகளாகப் பிரிந்து விழும், விசில்களுக்கிடையே உள்ள அதே 6.25. இப்போது பாருங்கள், 2,500 ஹெர்ட்ஸில் பரவிக்கிடந்த இரைச்சல் 400 கண்ணறைகளில் பங்கு போய்விட்டது, விசில் முழுசாக ஒரே கண்ணறையில் விழுந்திருக்கிறது. மொத்த இரைச்சலில் நூறில் ஒரு பங்காக இருந்த சிக்னல் தன் சொந்த அறைக்குள் இரைச்சலைவிட நான்கு மடங்கு. அப்படியும் இரைச்சல் சில நேரம் குபுக்கென்று எழும்பி விசிலை மறைக்கும், அந்த ஓட்டையை அடைக்கத்தான் 83 காவல் பிட்.

இந்தச் சல்லடையின் படத்தைத்தான் வாட்டர்ஃபால் என்கிறோம். நீலத் திரை மேலிருந்து கீழே வழிந்துகொண்டே இருக்கும், ஒவ்வொரு நிலையமும் அதில் ஒரு மஞ்சள் கீற்று. 50 ஹெர்ட்ஸ்தான் ஒருவருக்குத் தேவை என்பதால் ஒருவர் பேசும் இடத்தில் முப்பது நாற்பது பேர் ஒரே நேரத்தில் போய்க்கொண்டிருப்பார்கள்.

ஒயர் கதைக்கு வருகிறேன், கணக்கைவிட இதில்தான் எனக்கு அதிக நாள் போனது. முதலில் நேரடியாக இணைத்தேன், லேப்டாப் சார்ஜரைச் செருகியதும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம். கணினிக்கும் ரேடியோவுக்கும் தனித்தனி வழியில் எர்த் போனால் ஒயரே ஒரு வளையமாகி இந்த ரீங்காரத்தைச் சுமந்து வரும். பழைய சாமான் கடையில் ஒரு டயல்-அப் மோடத்தை வாங்கி உடைத்து, அதிலிருந்த ஒன்றுக்கு ஒன்று டிரான்ஸ்பார்மரை ஒயருக்கு நடுவே போட்டேன். சத்தம் காந்தப்புலம் வழியாகத் தாண்டிவிடும், மின்சார இணைப்பு அறுந்துவிடும். ரீங்காரம் போயே போச்சு. ஹெட்போன் துளையில் வருவது மைக்குக்கு ரொம்ப அதிகம் என்பதால் 10 கிலோ ஓம், 100 ஓம் என்று இரண்டு ரெசிஸ்டர் போட்டு நூறில் ஒன்றாகக் குறைத்தேன்.

அப்படியும் ஒருநாள் அசிங்கப்பட்டேன். அனுப்பிக்கொண்டிருக்கும்போதே லேப்டாப்பில் ஏதோ மெயில் வந்து, அந்த டிங் சத்தம் அப்படியே ஆன்டெனா வழியாக வானத்துக்குப் போய்விட்டது. கணினியின் எல்லாச் சத்தமும் போகும் வழியிலேயே ரேடியோவையும் மாட்டியிருந்தால் இதுதான் கதி. தனி யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு வாங்கியதே அதற்குப் பிறகுதான். இன்னொன்று, சத்தத்தைக் கூட்டினால் தூரம் போகும் என்று எண்ணி வால்யூமை ஏற்றுவது. ரேடியோ திணறி விசிலின் இரட்டை, மூன்று மடங்கு சுருதிகளையும் கக்கும், 700 ஹெர்ட்ஸில் நீங்கள் அடித்த விசில் 1,400இலும் 2,100இலும் போய் அடுத்தவர் தலையில் உட்காரும். ரேடியோவின் ஏ.எல்.சி. முள் (சத்தம் அதிகமானால் ரேடியோ தானே அடக்குவதைக் காட்டும் முள்) ஆடாத அளவுக்கு வையுங்கள், அது போதும்.

நகரத்தில் இன்னொரு தொல்லை, எல்.இ.டி. பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாமே ரேடியோவில் கரகரவென்று இரைச்சல் கொட்டும். அதனால் ஒரு சாயங்காலம் ஏற்காட்டில் நண்பரின் காபித் தோட்டத்துக்கு ரேடியோவையும் பேட்டரியையும் தூக்கிக்கொண்டு மாமாவோடு போனேன், கேட்க மட்டும், அனுப்ப இல்லை. சில்வர் ஓக் மரத்தில் பத்து மீட்டர் ஒயரைக் கட்டியதும் வாட்டர்ஃபால் கருநீலமாகத் தெளிந்தது, சேலத்தில் நான் பார்க்காத நிறம். கீற்றுகள் பளிச்சென்று விழுந்தன. ஆனால் ஒரு வரிகூடப் படிக்கவில்லை! ஒயரைப் பிடுங்கி மாட்டினேன், பெருவிரலால் ஜாக்கைத் துடைத்தேன், லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். அரை மணி நேரம் கழித்துத்தான் கடிகாரம் ஞாபகம் வந்தது. தோட்டத்துக்குள் நெட் இல்லை, லேப்டாப் கடிகாரம் நான்கு வினாடி பின்தங்கியிருந்தது. இரண்டு வினாடி தவறினாலே எஃப்.டி.8 கதவைச் சாத்திவிடும். போனில் ஜி.பி.எஸ். நேரத்தைப் பார்த்துக் கையால் சரிசெய்ததும், அடுத்த பதினைந்தாவது வினாடியில் மளமளவென்று பதினெட்டு வரி, இந்தோனேசியா, ஜப்பான், இத்தாலி.

மாமா பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேர் பேசி முடிப்பதைப் பார்த்தார். இவர் அழைப்புக்குறி சொன்னார், அவர் தன் கட்டத்தைச் சொன்னார், உன் சிக்னல் எனக்கு இவ்வளவு டெசிபல் என்று இவர் மைனஸ் 15 என்றார், அவர் மைனஸ் 12 என்றார், கடைசியில் விடைபெறும் 73. ஒன்றரை நிமிடம்.

"ஏன் மாப்ளே, இத்தனை தூரம் தாண்டிப் பேசிக்கிறாங்க, சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை கேட்டுக்க மாட்டாங்களா?"

கேட்கலாம் மாமா, சொந்தமாக எழுத 13 எழுத்து வரை இடம் கொடுத்திருக்கிறார்கள் என்றேன். அவர் விரல்விட்டு எண்ணினார். ஆங்கில எழுத்தில் சாப்டாச்சா என்று அடித்தால் எட்டோடு முடிந்துவிடுகிறது. ஆனால் அந்தப் பக்கம் ஒரு சேலத்துக்காரர் உட்கார்ந்திருக்க வேண்டும்.