ஏழு பேர் கப்பலேறினால் நான்கு பேருக்குக் குடியுரிமை

கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கத்து லயன் வீடுகளில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் கண்டி, அட்டன், பதுளை என்று இலங்கை ஊர்ப்பெயர்கள் வந்து விழும். இவர்களை நீலகிரிக்குக் கொண்டுவந்து சேர்த்தது டெல்லியும் கொழும்பும் போட்ட ஒரு கணக்கு. 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அது. ஒரு பெரிய நாட்டின் அண்டை நாட்டுக் கொள்கை மனிதர்களை எப்படி இடம்பெயர்க்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆவணம் நமக்குக் கிடைக்காது.

இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான மலையகத் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. தலைமுறைகளாக அங்கே உழைத்தவர்கள் இலங்கையின் பொறுப்பு என்பதே நேருவின் நிலை. 1962 சீனப் போருக்குப் பிறகு சூழல் மாறியது. சுற்றிலும் நட்பு நாடுகள் வேண்டும் என்ற நெருக்கடி டெல்லிக்கு வந்தது. இந்தியா–சீனா இடையே சமரசம் பேச அந்த டிசம்பரில் கொழும்பு மாநாட்டைக் கூட்டியவரும் சிறிமாவோதான். 1964 ஜூனில் பிரதமரான சாஸ்திரி ஐந்தே மாதத்தில் ஒப்பந்தத்தை முடித்தார். தொழிலாளர்களை யாரும் கேட்கவில்லை.

மொத்தம் 9,75,000 பேர். இந்தியா 5,25,000 பேரை ஏற்கும். இலங்கை 3,00,000 பேருக்குக் குடியுரிமை தரும். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பேசிக்கொள்வது என்று ஒதுக்கி, 1974 ஜனவரியில் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 எனப் பிரித்தார்கள். இந்த எண்களுக்குள் அடங்கியவர்களுக்குப் பிறகு பிறக்கும் குழந்தைகள் தனி. பெற்றோர் எந்தப் பக்கமோ குழந்தையும் அந்தப் பக்கம். எல்லாம் 15 ஆண்டுகளில் முடிய வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் அச்சாணி விகிதம்தான். 5,25,000க்கு 3,00,000 என்பது 7க்கு 4. இலங்கை நான்கு பேரைக் குடிமக்களாகப் பதிந்தால், அதே காலத்தில் ஏழு பேர் இந்தியப் பக்கம் நகர்ந்திருக்க வேண்டும். 'நகர்வது' என்றால் என்ன என்பதில்தான் எல்லாம் சிக்கியது. சிறிமாவோவுக்கு அடுத்து வந்த பிரதமர் டட்லி சேனநாயக்க அரசின் 1967 சட்டம், இந்தியக் குடியுரிமை பெற்றாலே போதும் என்று கணக்கிட்டது. 1971இல் மீண்டும் ஆட்சிக்கு வந்திருந்த சிறிமாவோ அரசு அதைத் திருத்தி, உடலோடு நாட்டைவிட்டுப் போனவரை மட்டுமே எண்ணியது. அதன்பின் இலங்கைத் துறைமுகமான தலைமன்னாரில் கப்பல் தாமதமானால் அட்டனில் ஒருவரின் குடியுரிமையும் தாமதமானது.

கப்பலேறுவதும் லேசான காரியமில்லை. முதலில் இந்தியத் தூதரக அலுவலகத்தில் விண்ணப்பம். பிறகு பாஸ்போர்ட், குடும்ப அட்டை. அதற்குப் பிறகு தோட்டத்திலிருந்து சேமலாப நிதியும் (வருங்கால வைப்பு நிதி) பணிக்கொடையும் கைக்கு வர வேண்டும். அது வராமல் கிளம்ப யாருக்கும் மனம் வராது. குடும்பம் எடுத்துப்போகும் சொத்தின் உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல், அங்கிருந்து மண்டபம் முகாம். முன்பு இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களை நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்த அதே முகாம்.

கணக்கு பிசகிய இடம் விருப்பம். 1968–70இல் விண்ணப்பம் கேட்டபோது இந்தியாவுக்கு வந்தவை சுமார் 4 லட்சம் பேருக்கானவை. இலங்கைக் குடியுரிமை கேட்டவர்களோ 3 லட்சத்தைவிட மிக அதிகம். பிறந்த மண்ணை விட்டுப் போக விரும்பாதவர்களை எந்த விகிதத்தாலும் இடம்பெயர்க்க முடியாது. 1970களில் இலங்கையில் உணவுத் தட்டுப்பாடு வந்ததும் பலர் வேறு வழியின்றிக் கிளம்பினார்கள். 1984இல் இலங்கை உள்நாட்டுப் போரால் கப்பல் நின்றது. இந்தியா ஏற்க வேண்டிய 6 லட்சத்தில் விண்ணப்பித்தவர்கள் 5,06,000 பேர் மட்டுமே. மீதி 94,000 பேரை 1986இல் இலங்கையே ஏற்றது. 2003ஆம் ஆண்டுச் சட்டம்தான் அங்கே எஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலைக்கு முடிவுகட்டியது.

இங்கே வந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? பலருக்குச் சமவெளியில் சிறுதொழில் கடன் கொடுத்தார்கள். கொழுந்து பறிப்பதைத் தவிர வேறு தொழில் அறியாத குடும்பத்தைக் கடை வைக்கச் சொன்னால் கடனும் கரையும், கடையும் கரையும். அவர்கள் குளிரையும் தேயிலையையும் தேடித் தாமாகவே மலையேறினார்கள். உருப்படியாக நடந்த ஏற்பாடு டான்டீ. 1968இல் வனத்துறையின் திட்டமாகத் தொடங்கி, 70களின் நடுவில் அரசு தேயிலைத் தோட்டக் கழகமானது, தலைமையகம் குன்னூர். தெரிந்த வேலையையே தந்ததால் அது நிலைத்தது. ஆனால் வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது: ஓய்வு பெற்றால் லயனைக் காலி செய்ய வேண்டும். 2022இல் கழகத்தின் 2,152 ஹெக்டேரை வனத்துறையிடம் திருப்பித்தர அரசு ஆணையிட்டபோது இந்தக் குடும்பங்கள் பதறியது அதனால்தான்.

கூடலூரில் சொந்தமாக வீடு கட்டிக்கொண்டவர்களின் நிலை இன்னும் இக்கட்டானது. 1969ஆம் ஆண்டு ஜன்மம் நில (பரம்பரை ஜமீன் போன்ற பழைய நில உடைமை) ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் வரும் நிலங்களில் உரிமை முடிவாகாமல் கிடக்கிறது. அங்கே பட்டா கிடைப்பதில்லை. பட்டா இல்லாத வீட்டுக்கு மின் இணைப்புக்கும் வங்கிக் கடனுக்கும் அலைய வேண்டும். ஒப்பந்தத்தில் தலைகளின் எண்ணிக்கை இருந்தது, ஆண்டுக் கெடு இருந்தது. வந்து இறங்குபவர் எந்த நிலத்தில் குடியிருப்பார் என்று ஒரு வரிகூட இல்லை.